எதிரே இருப்பவருக்குத் தெரியும் திரை

சூடேறிய பிளாஸ்திரிக்கு ஒரு வாசனை உண்டு. மருத்துவமனை வராந்தாவையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாகக் கலந்தது போன்ற வாசனை. நம் மடிக்கணினியின் சார்ஜர் வயர் பிய்ந்த இடத்தில் நீ சுற்றிவைத்த பிளாஸ்திரிதான். இன்று காலை செருகிய சிறிது நேரத்தில் அந்த வாசனை கடை முழுவதும் பரவியது. பிறகு திரை அணைந்தது. வயரை ஆட்டினேன். இடப்பக்கம் வளைத்தேன். நீ செய்வதைப் போல உன் சர்ச் ஞானப்பாட்டுப் புத்தகத்தை அடியில் முட்டுக்கொடுத்தேன். பயனில்லை. சார்ஜரோடு உள்ளே பலகையும் கருகிவிட்டது என்றார் பழுது பார்ப்பவர். நீ கண்மூடிய பிறகும் எட்டு மாதம் தாக்குப்பிடித்தது. இரண்டு பேருமே முன்னறிவிப்புத் தரவில்லை.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மலைக்குப் போக வேண்டும். அங்கே நம்மிடம் மனு எழுத வரும் சின்னப்பொண்ணுவின் மகள் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். போன ஆண்டு அந்த விண்ணப்பம் நம் கையில் கெட்டது. அந்தப் பெண் ஓராண்டைத் திருப்பூரில் பனியன் மடித்துக் கழித்தாள். இந்த ஆண்டும் கெட்டால் அங்கேயே இருந்துவிடுவாள். ஆகவே நாளைக்குள் நான் ஒரு மடிக்கணினி வாங்கியாக வேண்டும். தவறாகவும் வாங்கிவிடக் கூடாது. எழுபத்திரண்டு வயதில் இதற்குப் பயப்படுகிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம். இனி நீ சிரிக்கப் போவதில்லை.

நாம் கடை வைத்தபோது ஊர் சிரித்தது நினைவிருக்கிறதா? நான் பொருளியல், நீ வேதியியல். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பெண்கள், கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, கூலிக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தோம். உன் தம்பி வந்து, "இன்னாக்கா, புரொபசரம்மாவா இருந்துட்டு மனு எழுதிக்கினு கீற?" என்றார். நீ தலையை நிமிர்த்தாமல், "மனு எழுதறது கேவலம் இல்லடா. மூளைய வூட்ல பூட்டி வெக்கறதுதான் கேவலம்" என்றாய். அதன் பிறகு அவர் தம் பட்டாவுக்கும் நம்மிடமே வந்தார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மலைக்கு. கச்சிராயபாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டி, வெள்ளிமலையையும் கடந்து அந்தப் பள்ளிக்கூடத் தாழ்வாரம். அங்கே சிக்னல் நிற்காது, மின்சாரமும் நம்ப முடியாது. ஆகவே படிவத்தை அங்கேயே நிரப்பி, புகைப்படத்தைச் சேர்த்து, ஊருக்கு இறங்கி வந்து வலைத்தளத்தில் ஏற்றுவோம். கணினிப் பையை நீ தூக்குவாய். குடையும் தண்ணீர் பாட்டிலும் என் பொறுப்பு. இந்த வேலைப் பங்கீட்டைப் பற்றி நான் ஒருநாளும் கேள்வி எழுப்பியதில்லை. எனக்கு வசதியாக இருந்தது. நீ போன பிறகு நான் மலைக்குப் போகவே இல்லை.

சரி, மடிக்கணினிக்கு வருகிறேன். தாளின் நடுவே கோடு கிழித்து, சாதகம் இந்தப் பக்கம், பாதகம் அந்தப் பக்கம் என்று எழுதினேன். நீ இருந்தால், "வரன் பாக்கறியா?" என்று கேட்டிருப்பாய். கைபேசியில் தேடி, வாங்கியவர்கள் எழுதியதைப் படித்ததில், என் கைக்கு எட்டும் விலையில் இரண்டு தேறின. ஒன்று மெலிந்தது, பளபளப்பானது, பூப்போல எடை. ஆனால் ராம் எனும் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பின்னால் கூட்ட முடியாது. இன்னொன்று சிறுதொழில் செய்பவர்களுக்கென்று போட்டிருந்தது. சிமெண்டு நிறம். அழுத்தினால் நெளியும் பிளாஸ்டிக் உடம்பு. வெயிலில் திரை மங்கும். ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆனால் விசைகள் ஆழமாக அமுங்கும், தண்ணீர் சிந்தினால் கொஞ்சம் பொறுக்கும், நினைவகத்துக்கு இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. எடைதான் அதிகம். பத்தொன்பது வரிகள் எழுதினேன். எழுத எழுத அச்சம் கூடியதே தவிர ஒன்றும் தெளியவில்லை. மலையில் பாட்டரி கைவிட்டால்? ஏற்றும் நேரத்தில் உறைந்து நின்றால்? முன்பெல்லாம் ஒரு மூளை பதறினால் இன்னொன்று சும்மா இருக்கும். இப்போது பதற ஒன்றுதான் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, பிற்பகல் கணினி விற்கும் கடைக்குப் போனேன். விற்பனையாளருக்கு நாற்பது வயதிருக்கும், சுழல் நாற்காலியில் இருந்தார்.

"வாங்க ஆயா. பேரனுக்குங்களா, பேத்திக்குங்களா?"

"எனக்கு."

"உங்களுக்கா? அப்போ எழுத்து பெருசா தெரியறாப்பல பாக்கலாம். படம் பாக்கத்தானுங்க?"

"தொழிலுக்கு. ராம் எவ்வளவு, அப்புறமா ஏத்திக்க எடம் இருக்கா, அத சொல்லுங்க."

நாற்காலி சுழல்வது நின்றது. அதன் பிறகு மரியாதையாகப் பேசினார். பாட்டரி பத்து மணி நேரம் நிற்கும் என்றார். நீங்களே நம்புகிறீர்களா என்றேன். "ஆறு நிக்கும்" என்றார். எந்தப் பழுதானாலும் ஆள் இருப்பிடத்துக்கே வந்து பார்ப்பார் என்றார்.

"வெள்ளிமலைக்கு வருவாரா?"

"கச்சிராயபாளையம் வரிக்கும் வருவாரு ஆயா. அதுக்கு மேல, நீங்களே கொஞ்சம் எறங்கி வந்துடுங்க."

மெலிந்ததையே வாங்கச் சொன்னார். என் தோளும் அதைத்தான் சொன்னது. ஏறக்குறைய சரி என்றுவிட்டேன். அப்போது அதன் வண்ணத்தைக் காட்டுவதற்காக, தன் பக்கம் இருந்த திரையைக் கால்வட்டம் மட்டும் என் பக்கம் திருப்பினார். எனக்குக் கருப்பாகத் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியல."

"நேரா உக்காந்தா பளிச்சுனு தெரியும். உங்களுக்கு இன்னா, நீங்க நேராதான உக்காருவீங்க?"

நான் நேராகத்தான் உட்காருவேன். போன ஆண்டும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் பத்தொன்பது வரிகளிலும் இல்லாத ஒன்று இது. எல்லாச் சாதகமும் பாதகமும் விசைகளுக்குப் பின்னால் இருக்கும் என்னைப் பற்றியவை. எதிரே உட்கார்பவர் தாளின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

போன ஆண்டு சின்னப்பொண்ணு என் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஸ்டுடியோவில், ஒரே நீலத் துணிக்கு முன்னால் எடுத்த படங்கள். கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, எண்கள் மட்டும். நீ குழாயடிக்குப் போயிருந்தாய். நான் அவசரத்தில் வேறொரு பெண்ணின் படத்தை அவள் மகளின் படிவத்தில் சேர்த்தேன். திரையைக் கொஞ்சம் திருப்பி, "சரியா பாத்துக்க" என்றேன். அவள் கருத்துத் தெரிந்த திரையைப் பார்த்து, "சரிங்க" என்றாள். படித்தவர்களிடம் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம். விண்ணப்பம் திரும்பி வந்தபோது நீ அவளிடம், "நான்தாங்க மாத்திப் போட்டுட்டேன், மன்னிச்சிக்கங்க" என்றாய். உண்மையிலேயே நீதான் என்று நினைத்துச் சொன்னாயா, தெரிந்தே சொன்னாயா? நீ போகும் முன் கேட்க எனக்கு நான்கு மாதம் இருந்தது. கேட்கவில்லை.

அதன் பிறகுதான் உன் புதிய வழக்கம். படிவம் முடிந்ததும் கணினியைத் தூக்கி, வந்தவர் கையில் குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுப்பாய். "மூஞ்சிய பாத்து சொல்லுங்க. நீங்க ஆமான்னா தான் சேவ் பண்ணுவேன்." எனக்கு நேர விரயமாகத் தோன்றியது. பேருந்து போய்விடும் என்று முணுமுணுத்தேன். இப்போது அதைச் செய்ய என் மணிக்கட்டில் வலு இல்லை. நீ போன அடுத்த மாதம் குளியலறையில் விழுந்து முறிந்தது கூடிச் சேர்ந்தாலும் பாரம் தாங்குவதில்லை. தூக்கிக் கொடுத்தால் கீழே போடுவேன்.

"அந்த சிமெண்டு கலர குடுங்க" என்றேன். அதை மேசையில் வைத்து மூடியைப் பின்னால் தள்ளினேன். பாதியில் நிற்கவில்லை. புத்தகம் விரித்தது போல மேசையோடு மேசையாகப் படிந்தது. விற்பனையாளரை எழுப்பி என் பக்கம் நிற்கச் சொல்லி, நான் அவர் பக்கம், பிறகு மூலையில், பிறகு குனிந்து என்று பார்த்தேன். எங்கிருந்தும் தெரிந்தது.

"இன்னா ஆயா, கோயிலச் சுத்தறாப்பல சுத்தறீங்க?" என்றார்.

வாங்கிவிட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அருகில் வைத்திருக்கிறேன். இதோடு இன்று நிறுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

நேற்று பேருந்தில் பையை மார்போடு கட்டிக்கொண்டு போனேன். அணைக்குப் பக்கத்தில் ஏறிய ஒருவர், "பைய கீழ வைங்கம்மா, யாரும் தூக்கிக்கினு போமாட்டாங்க" என்றார். வைக்கவில்லை. வளைவுகளில் குமட்டலைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் குமட்டவில்லை. பயத்துக்கு இப்படி ஒரு பயனும் உண்டு.

சின்னப்பொண்ணு முதல் ஆளாகக் காத்திருந்தாள். "ஒண்டியாவா வந்தீங்க டீச்சரம்மா?" என்றாள். பிறகு தான் கேட்டது தவறோ என்று வேறு பக்கம் பார்த்தாள். எதிரே உட்கார்ந்தாள். பெயர், பிறந்த நாள், மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எண், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தேன். படத்தைச் சேர்த்தேன். மூடியைப் பின்னால் தள்ளித் திரையை மேசையில் படுக்க வைத்து, அவள் பக்கமாகத் திருப்பினேன்.

அவள் குனிந்தாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள். அதனால் எழுத்தைக் கடந்து நேராகப் படத்துக்குப் போனாள்.

"டீச்சரம்மா, இது எம்பொண்ணு இல்லீங்களே."

"நல்லா பாரு."

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? இது மேலத்தெரு செல்வி. எம்பொண்ணுக்கு இவ்ளோ பெரிய காதா?"

மறுபடியும் அதே நீலத் துணி, அதே எண்கள், அதே நான். கோப்புக்குப் பெயர் வைக்கும் புத்தி எனக்கு நேற்று வரை வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சரியான படத்தைத் தேடிச் சேர்த்தேன். சேமிக்கும் முன் சொன்னேன்: "போன வருஷமும் நான்தான் மாத்திப் போட்டேன். அவங்க இல்ல."

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"அந்தம்மா கொழாயாண்ட கை கழுவிக்கினு இருந்தாங்க. நான் உங்க எதுர்லதான உக்காந்துக்கினு இருந்தேன்?"

"அப்போ ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"அந்தம்மா தம் மேல எடுத்துக்கினாங்க. நீங்க பேசாம இருந்தீங்க. நடுவுல பூந்து நான் இன்னாத்த கேக்கறது?" என்றாள். கோபமில்லை, என் மீது இரக்கமும் இல்லை. விரலால் மேசையைத் தட்டினாள். "மாத்திட்டீங்கன்னா இன்னொருக்கா இப்பிடி காட்டுங்க. பாத்துக்கறேன்."

காட்டினேன். பார்த்தாள். "ஆமாங்க, இவதான்" என்றாள். அதன் பிறகே சேமித்தேன்.

நேற்று மாலையே ஊரில் ஏற்றிவிட்டேன். ஒப்புகை எண் வந்துவிட்டது. இடம் கிடைக்குமா என்பது தெரியாது. பட்டியல் வரும்வரை எனக்குத் தூக்கம் சரியாக இருக்காது. ஆனால் அவள் மகளின் முகம் இந்த முறை அவள் மகளுடையது.

ஆக, சின்னப்பொண்ணுவுக்குத் தெரியும். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவள் அந்தப் படத்தைச் சேர்த்திருக்க முடியாது என்பது உனக்கும் தெரிந்துதானே இருக்கும்? மூவரில் நான் ஒருத்திதான் அதை ரகசியம் என்று எண்ணி ஓராண்டு காவல் காத்திருக்கிறேன். பொருளியலில் இதற்கொரு பெயர் இருக்கக்கூடும். எனக்கு முட்டாள்தனம் என்ற சொல் போதும்.

புதிய கணினியின் எடை ஒரு கிலோ அறுநூறு கிராம். சார்ஜர் தனி. மாதாமாதம் பழையதைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீ முன்னால் நடந்ததும், நான் பின்னால் குடையோடு வந்ததும் நேற்று அந்தப் பள்ளிக்கூட மேட்டில் ஏறும்போது தோளுக்குப் புரிந்தது. உருக்கமாகச் சொல்லவில்லை, தோள் வீங்கியிருக்கிறது, தைலம் தேய்த்திருக்கிறேன். அடுத்த மாதமும் பையை நானே தூக்குவேன். இரண்டையும் தூக்கக் கை போதாது. ஆகவே குடையைக் கடையிலேயே விட்டுப் போவேன்.