மறைவு முடிந்த மறுநாள்

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நடப்பதை ஒன்று விடாமல், உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். வானாய்வுக் கூடத்தில் நீங்கள் கூட்டிக் குறைத்து எழுத மாட்டீர்களே, அதுபோல.

அம்மாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சித்தியிடம் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டேன். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை; வாய் மட்டும் குறையவில்லை. "உங்கப்பாவோட கறுப்புச் சக்களத்தி எப்படி இருக்காளாம்?" என்கிறாள். உங்கள் சிறுகோளைத்தான்.

நீங்கள் இருக்கும் மலையில் போன் கிடைப்பதில்லை. ஜீப்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சீக்கிரம் வாருங்கள் அப்பா. அம்மா வாசலையே பார்க்கிறாள். கேட்டால், ஃபேனைப் பார்த்தேன் என்கிறாள்.

உங்கள் மகள்

மார்ச் 5

கண்ணம்மா,

உன் கடிதம் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் அந்தச் சிறுகோள் கரியைவிடக் கறுப்பு. சூரியன் பிறந்தபோது மிஞ்சிய கல். இன்னும் மாறாமல் அப்படியே இருக்கிறது. ஒரு நட்சத்திரத்தை அது மறைக்கும்போதுதான் அதன் உருவம் பிடிபடும். எட்டாம் தேதி இரவு மறைக்கிறது. என் சர்வீஸ் முடிவதற்குள் இன்னொரு தடவை இப்படி வாய்க்காது. மறைவு முடிந்த மறுநாளே கிளம்பிவிடுவேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

முத்தங்களுடன்,
அப்பா

மார்ச் 8

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி படித்துக் காட்டினேன். "மறைவு முடிந்த மறுநாளே" என்ற இடத்தில் அம்மா கையைத் தூக்கினாள்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"அது முடிஞ்சப்புறந்தான் வருவாராமா? தேதிகூட குறிச்சிட்டாரா!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

"ஐயோ, நட்சத்திரம் மறையறதம்மா!"

"புரியுதுடி. நான் என்ன படிக்காதவளா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்புறம் அவள் வாசலைப் பார்க்கவில்லை.

இன்று காலை அம்மா போய்விட்டாள். கடைசியாகத் தண்ணீர் கேட்டாள். உங்களைக் கேட்கவில்லை. "கேட்டாள்னு எழுதுடி, மனுஷன் தாங்க மாட்டாரு" என்றாள் சித்தி. எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் வரும்வரை அம்மாவை எடுக்காமல் வைத்திருக்கலாமா என்று மாமா கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். சித்தியும் மாமாவும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். நாளை நீங்கள் வரும்போது வீடு பூட்டியிருக்கும். நான் சித்தியோடு போகிறேன்.

அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். நர்ஸ் விரிப்பை உருவினார். கட்டிலுக்கு அடியில் இருந்த அம்மாவின் செருப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஆயாம்மா தரையைத் துடைத்துவிட்டுப் போனார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.