வெந்நீர்த் தாங்கியின் மூக்கு

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் உறங்கும் கபுறை, அந்த மண்ணறையை, அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. அங்கேயும் நீங்கள் சத்தம் போட்டுச் சிரிக்க இடம் இருக்கட்டும்.

எதை எழுதுவதானாலும் முதலில் வரிசை போட்டுக்கொண்டால்தான் என் கை நகரும். “மச்சான் சோறு திங்கவும் பாடக்குறிப்பு எழுதுவார்” என்று என்னிடம் படித்தவர்களின் முன்னாலேயே சொன்னவர் நீங்கள். இருந்தாலும் வரிசை இதுதான்:

1. வீட்டுப் புதினம், அதாவது புதுச் செய்தி.
2. நீங்கள் கொண்டுவந்த வெந்நீர்த் தாங்கியின் இன்றைய நிலை.
3. அதன் காவல் வால்வைச் சோதித்துப் பார்த்த கதை. சோதித்தது நானேதான்.
4. நீங்கள் பயம் அறியாதவர், நான் பயத்தோடேயே வளர்ந்தவன் என்ற வித்தியாசம்.
5. ஒரு வாக்கு.

உங்களுக்கு எழுதுவதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அமெரிக்கர்களின் ஏலத்தில் தாங்கி வாங்கியவர் நீங்கள் மட்டுமல்ல. மருதமுனையிலும் அட்டாளைச்சேனையிலும் சில வீடுகளில் இதே மாதிரித் தாங்கிகள் நிற்பதாகக் கேள்வி. அந்த வீட்டார் காதிலும் இது விழட்டும்.

முதலாவது சுருக்கமானது. என் இளைய மகள் றஹ்மாவுக்கு ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை அழத் தொடங்கினால் சந்தைக்குப் போகிறவர்கள் வாசல் ஒழுங்கைப் பாதையில் நின்று பார்க்கிறார்கள். தொண்டை றஹ்மாவின் தாய்மாமன் உங்கள் வழியில் வந்தது என்று என் மனைவி, உங்கள் தங்கச்சி, தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் தாய்க்குச் செய்யும் நாற்பதுக் குளிப்பு நெருங்கியபோது இரண்டாவது விஷயம் தலைதூக்கியது. தன் அண்ணன், காக்கா, கொண்டுவந்த தாங்கியில்தான் தண்ணீர் காய வேண்டும் என்று உங்கள் தங்கச்சி ஒரே பிடியாக நின்றாள்.

“பானையில் காய்ச்சி ஊற்றினால் என்ன?” என்று கேட்டேன்.

“காக்கா இத றஹ்மாட புள்ளப்பேத்துக்கெண்டு செல்லித்தானே கொண்டு வந்தவர். அவர் மௌத்தான நாளையில இருந்து நீங்க அதுக்குக் கிட்டயும் போகல்ல. பழைய இரும்பு எடுக்கிற ஆள் ரெண்டு தரம் வந்து கேட்டுட்டுப் போறான். இந்தக் குளிப்புக்கும் மூட்டல்லயெண்டா இனி எப்பயும் மூட்டமாட்டீங்க. குடுத்திருவம், துண்டு துண்டா உடைச்சிக் கொண்டு போகட்டும்.”

நீங்கள் எங்களுக்கு விட்டுப்போன சாமான் அது ஒன்றுதான். உடைக்கக் கொடுக்க மனம் வரவில்லை. மூட்டவும் துணிவு வரவில்லை. வால்வைச் சோதித்த பிறகுதான் மூட்டலாம் என்றேன். எப்போது சோதிப்பது என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். இப்படிப் பல நாளைகள் போயின.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். அணை வேலை முடிந்து அமெரிக்கர்கள் இங்கினியாகலையை விட்டுப் போனபோது அவர்களுடைய பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. எல்லாரும் கட்டிலும் அலுமாரியும் வாங்கினார்கள். நீங்கள் தண்ணீர் காயவைக்கும் ஆள் உயர இரும்புத் தாங்கி ஒன்றை லொறியில் ஏற்றிவந்து என் முற்றத்தில் இறக்கி, அதன் வயிற்றில் தட்டினீர்கள்.

“இது வெள்ளைக்காரன்ட கழுத, மச்சான். தண்ணி குடுத்தா வேல செய்யும். மூக்கப் பொத்தினா உதைக்கும்.”

நீங்கள் மூக்கு என்றது அதன் தலையில் இருக்கும் பித்தளைக் காவல் வால்வை. பெருவிரல் அளவு சாமான். பக்கத்தில் ஒரு சிறு பிடி. அதிலிருந்து கீழிறங்கி வாழைப் பாத்தியைப் பார்த்து நிற்கும் ஒரு குழாய். மேடையில் உள்ள பீப்பாவிலிருந்து தாங்கிக்குத் தண்ணீர் இறங்கும். சூடானது திரும்பி ஏறாதபடி நடுவில் ஒருவழி வால்வு. கீழே லாம்பெண்ணெய், அதாவது மண்ணெண்ணெய், அடுப்பு. சூடாகும்போது தண்ணீர் பெருகும். பெருகிய தண்ணீருக்கு மேலே போக வழியில்லை, ஆகவே மூக்கால் சொட்டும். அந்த வழியும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று பல தடவை நினைத்ததுண்டு.

தாங்கியில் பதித்திருந்த ஆங்கிலத் தகட்டை நான் தமிழாக்கினேன். பிறை தென்படும் ஒவ்வொரு மாதமும் நாம் செய்தது நினைவிருக்கிறதா? வீட்டிலுள்ள எல்லாரையும் வேலிக்கு வெளியே அனுப்புவீர்கள். கூத்துக் காட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான் கிணற்றுக்கட்டுக்கு அப்பால் நின்று, பாடமாக்கிய தகட்டை உரத்து ஓதுவேன்: “பிடியை மெதுவாக உயர்த்தவும். நீர் தடையின்றி வெளியேற வேண்டும். வெளியேறாவிடில் அடுப்பை மூட்டற்க.”

“மூட்டற்க, மூட்டற்க” என்று சிரித்துக்கொண்டு, கையில் துவாயைச் சுற்றி, நீங்கள் பிடியைத் தூக்குவீர்கள். வாசிப்பது என் வேலை, தூக்குவது உங்கள் வேலை. அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையே இருக்கவில்லை.

நீங்கள் போன பிறகு தாங்கி குளிர்ந்தே கிடந்தது. ஆனாலும் மூக்கு சொட்டிக்கொண்டிருந்தது. மாதம் பல தூக்காததால் உள்ளே ஏதோ படிந்து வாய் சரியாக மூடவில்லை என்று ஊகித்தேன். ஊகித்ததோடு சரி.

இனி மூன்றாவது. அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல் படலையிலேயே லாம்பெண்ணெய் எரியும் மணம். றஹ்மா தலைக்கு எண்ணெய் பூசி, மடியில் பிள்ளையோடு குளிப்பறைக்குப் பக்கத்து விறாந்தையில் உட்கார்ந்திருந்தாள். உங்கள் தங்கச்சியின் முகத்தில் வெற்றி.

“உங்கட ‘நாளைக்கு’ என்ன கிழமையில வருமெண்டு பாத்துப் பாத்து நான் மூட்டிட்டன்” என்றாள். “மத்தியானம் லுஹருக்கே மூட்டினது. இப்ப நல்லாக் காஞ்சிருக்கும்.”

எனக்குக் கோபம் வரவில்லை, மச்சான். எனக்கு வந்தது வேறு. நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். அடுப்பு உஸ்ஸென்று எரிவது கேட்டது. பிள்ளை சப்புக்கொட்டுவது கேட்டது. சொட்டும் சத்தம் மட்டும் இல்லை.

லுஹரிலிருந்து காயும் தாங்கி சொட்டவில்லை. குனிந்து பார்த்தேன். குழாயின் வாயில் பூவரசங் கட்டையில் செதுக்கிய ஆப்பு ஒன்று, பழைய சாரன் துணித் துண்டு சுற்றி, இறுக்கி அடித்திருந்தது.

“புள்ள, இது யார் வைத்தது?” என்று உங்கள் தங்கச்சியைக் கேட்டேன்.

“நாந்தான். சும்மா கிடக்கக்குள்ளயும் சொட்டுச் சொட்டா எவ்வளவு தண்ணி போகுது. சட்டி வச்சன், ரொம்பி வழியிது. ஒரு சொட்டு வீணாக்கினாலும் மறுமையில கேள்வி இருக்குதா இல்லையா? நீங்கதானே தொழுகைக்கு ஒழு எடுக்கக்குள்ள புள்ளைகளுக்குச் செல்லிக் குடுக்கிற.”

ஆற்றங்கரையில் இருந்தாலும் அளந்து ஊற்று என்று பழக்கப்பட்டவர்கள் நாம். நல்லடியாள் ஒருத்தி நன்மையை நாடி, கழுதையின் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் என் மகளும் அவள் பிள்ளையும்.

அடுப்பைத் திருகி அணைத்தேன். “எல்லாரும் வேலிக்கு வெளியே போங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். இந்த முறை பக்கத்து வீட்டு வளவில் கோழிகள் கலைந்தன. றஹ்மா பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள். உங்கள் தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள்; ஒன்றும் கேட்காமல் பின்னால் போனாள்.

குளிப்பறையில் தண்ணீர் பிடிக்கும் பீலியைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று நினைத்தேன். இலேசாகத்தான் திருகினேன். பீலி ஆடியது, தண்ணீருக்குப் பதில் ஆவி துப்பியது. பயத்தில் உடனே மூடிவிட்டேன். அது பிழையா? திறந்தே விட்டிருக்க வேண்டுமா? தொடாமல் எல்லாரையும் இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோய் ஆறவிட்டிருக்க வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. தெரிந்தவர்கள் பத்திரிகைக்கு எழுதலாம்.

முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடியை எடுத்தேன். நீங்கள் துவாயோடு போன இடத்துக்கு நான் தடியோடு போனேன், சிரிக்காதீர்கள். சுவரோரம் பக்கவாட்டில் நின்று ஆப்பைத் தட்டினேன். இரண்டாம் தட்டில் அது பறந்தது. எங்கே போனது என்று இன்னும் தேடிக் கிடைக்கவில்லை. குழாய் மறுபடி சொட்டத் தொடங்கியது, ஆவி பறக்க, வெகு வேகமாக.

மிச்சம் இருந்தது பிடி. தடியின் கொக்கியை அதன் கீழே கொடுத்தேன். கொடுத்தபடியே நின்றேன். கை ஏறவில்லை. வாசிக்க ஆள் இல்லாமல் இந்த வேலையை நாம் ஒருநாளும் செய்ததில்லை, மச்சான். தகட்டின் வரிகளை நானே சொல்லப் பார்த்தேன். பாடமாக இருந்தது முழுவதும் மறந்துவிட்டது.

அப்போது வேலிக்கு வெளியே இருந்து கேட்டது. உங்கள் தங்கச்சி, எழுத்துப் பிசகாமல், என் பள்ளிக்கூடத் தமிழில்:

“பிடியை மெதுவாக உயர்த்தவும்.”

உயர்த்தினேன்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய் முழங்கியது. வெள்ளை வெளேரென்று ஒரு தூண் படுக்கையாகப் பாய்ந்து வாழைப் பாத்தியில் மோதி, வேலிக்கு மேலே எழும்பி, அஸர் வெயிலில் வானவில் காட்டி நின்றது. தென்னோலைகள் அசைந்தன. நிலம் என் காலடியில் அதிர்ந்தது. காலையில் வாளி கட்டி இறைத்த அதே தண்ணீர். கையில் ஏந்தினால் விரலிடுக்கால் சத்தமில்லாமல் ஒழுகிப்போகும் தண்ணீர். அதற்குள் இவ்வளவு பலத்தை வைத்தவன் யார்? அதைவிட, அந்தப் பலத்தை ஒரு பெருவிரல் பித்தளைக்குக் கட்டுப்பட வைத்தவன் யார்? நான் பயப்படவும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சுப்ஹானல்லாஹ் என்று சொன்னேனா, நினைத்தேனா என்பதும் நினைவில்லை.

“நீர் தடையின்றி வெளியேற வேண்டும்” என்றாள் வேலிக்கு வெளியே.

“ஓம், வெளியேறுது!” என்று கத்தினேன். நான் கத்தி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

முழக்கம் தணிந்து வெறும் தண்ணீராக ஓடத் தொடங்கியதும் தடியை இறக்கினேன். பிடி தன் இடத்தில் உட்கார்ந்தது. பிறகு ஓர் அதிசயம். சொட்டு நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். வெந்து சுருண்ட வாழையிலையில் வெள்ளைத் துகள்கள் கிடந்தன. கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு, நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. அதுதான் வால்வின் வாயில் அடைந்து மூடவிடாமல் இருந்திருக்கிறது. மாதம் ஒரு தரம் கொஞ்சம் தண்ணீரைப் பாயவிட்டிருந்தால் அத்தனை நாள் சொட்டும் மிஞ்சியிருக்கும்.

இதை உங்கள் தங்கச்சியிடம் விளக்கினேன். இலையைப் பார்த்தாள், துகளை விரலால் தொட்டாள். “அப்ப நான் அடைச்சது எனக்குப் பாவமா நன்மையா?” என்று கேட்டாள். நிய்யத்தை, அதாவது எண்ணத்தைப் பொறுத்தது என்றேன். “அந்த ஆப்பு பறந்த வேகத்தப் பாத்தா நன்மையாத் தெரியல்ல” என்றாள்.

றஹ்மா அந்த வெந்நீரில், பச்சைத்தண்ணீர் கலந்து, ஆசைதீரக் குளித்தாள். பிள்ளையையும் குளிப்பாட்டினார்கள். உங்கள் தொண்டையால் ஊரைக் கூட்டினான். இரும்பு எடுக்கிறவனுக்கு இனி வேலை இல்லை என்று உங்கள் தங்கச்சி ஒழுங்கைக்கே அறிவித்துவிட்டாள்.

மறுகா, எல்லாம் முடிந்த பிறகு, நான் குசினிக்குப் போய்ப் பால் விடாத பிளேன்டீ கேட்டேன். கோப்பையை வாங்கினால் தட்டில் கடகடவென்று அடிக்கிறது. இரண்டு கையாலும் பிடித்தேன். அப்படியும் நிற்கவில்லை. உங்கள் தங்கச்சி வாயைப் பொத்திச் சிரிக்கத் தொடங்கினாள்.

“என்னத்துக்குச் சிரிக்கிறாய்?”

“காக்காவும் இப்பிடித்தான். ஒவ்வொரு பிறைக்கும் அதத் தூக்கிட்டு நேரா இஞ்சதான் வருவார். இதே மூலையில குந்திப் பிளேன்டீ கேப்பார். கோப்பை இதே ஆட்டம். ஒருநாள் பாதியும் சாரன்ல.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அவருக்கும் பயமா?”

“பயமா? கேட்டுப் பாருங்களேன். ‘ஏன் காக்கா, ஏலாட்டி விட்டிருங்களேன்’ எண்டு நானே செல்லியிருக்கன். ‘மச்சான் அங்கால நிண்டு வாசிக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கை போகும். அது கேக்குற வரைக்கும் போகும். இதப் போய் அவருக்குச் செல்லிராத, மறுகா வாசிக்கமாட்டார்’ எண்டு செல்லுவார். அதனாலதான் இண்டைக்கு நான் வாசிச்ச. உங்களுக்கும் சத்தம் வேணுமெண்டு தெரியும்.”

அதற்குப் பிறகு அந்தக் கோப்பை எப்போது ஆறியது என்று எனக்குத் தெரியாது. வேலிக்கு வெளியே எல்லாரையும் அனுப்பியது கூத்து அல்லவா, மச்சான்? அந்தச் சிரிப்பு? கிணற்றுக்கட்டுக்கு அப்பால் ஒளிந்து நின்றவனின் குரலைப் பிடித்துக்கொண்டா அத்தனை மாதமும் நீங்கள் போனீர்கள்?

ஐந்தாவது, வாக்கு. இனிப் பிறை தெரியும் மாதமெல்லாம் அந்தப் பிடி உயரும். உங்கள் தங்கச்சி வாசிப்பாள், நான் தூக்குவேன். அவளுக்கு முடியாத நாளில் நான் வாசிப்பேன், அவள் தூக்குவாள். தடி இரண்டு பேருக்கும் பொது. குழாயின் வாயில் ஒரு நாளும் எதுவும் செருகப்படாது. உங்கள் தாங்கி இந்த வளவை விட்டுப் போகாது.

வரிசையை மீண்டும் மேலிருந்து பார்த்தேன். நான்காவதாக எழுதியதை அடித்துவிடுங்கள், மச்சான். அது பிழை.

என்றும் கிணற்றுக்கட்டின் பக்கம் குரலோடு நிற்கும்,
உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை,
கல்முனை.