மத்தியான வெயிலில் ஒரு பிளாஷ்

மச்சான்,

இன்று மத்தியானம் கடற்கரையில் ஒரு கல்யாணச் சோடியைப் படமெடுத்தேன். கொளுத்துகிற வெயிலில் நான் பிளாஷை மாட்ட, மாப்பிள்ளை சிரித்தார். சூரியனுக்கே வெளிச்சம் காட்டுகிறேனாம். நாம் ஸ்ரூடியோ தொடங்கிய நாட்களில் நானும் இதையே சொல்லி உன்னைப் பகிடி பண்ணியவன்தான். "வெயில் கூடக்கூட முகத்தில நிழலும் கூடுமடா" என்பாய்.

சம்பூருக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. படைமுகாம் வேலிக்கு அப்பால் அகப்பட்டிருந்த தன் காணியைப் பார்க்க அந்த அம்மாவை விட்டிருந்தார்கள். காணி உறுதிப் பத்திரம் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. கணவரின் பெயர் பொறித்த கிணற்றுக்கட்டுத்தான் மிச்சம். அதுவும் தன் முகமும் ஒரே படத்தில் விழவேண்டும், கந்தோர் அதிகாரிகளிடம் காட்டவேண்டும் என்று நம்மைக் கூட்டிப்போனார்.

சூரியன் அவர் தலைக்குப் பின்னால். கிணறு தெரிந்தால் முகம் கறுப்பு. முகம் தெரிந்தால் கிணறு வெளிறிவிடும். பிளாஷ் இல்லாமல் சரிவராது. ஆனால் படமெடுக்க நாம் அனுமதி கேட்டிருக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் காவல்காரர் துவக்கோடு நின்றார். சின்னக் கமரா அவர் கண்ணில் படாமல் போகலாம், பளிச்சென்று மின்னினால்?

பிளாஷுக்குப் பற்றரி போடுவது என் வேலை. அதைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு பிளாஷ் இல்லாமலே எடுத்தாய்.

ஸ்ரூடியோவில் அந்த அம்மா, முகம் கறுத்துப்போன படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது நான் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. அவையளுக்கு எப்பிடித் தெரியும்?"

அதன்பிறகு அவர் வரவில்லை. காணி என்னால்தான் போயிற்று என்று நம்பிக்கொண்டே இத்தனை வருடம் உன் பக்கத்தில் வேலை செய்தேன்.

உன் செத்தவீட்டுக்கு அவர் வந்திருந்தார். காணி கிடைத்துவிட்டதாம், அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறாராம். அடுத்த கிழமையே நீ தனியாக அவரைத் திரும்பக் கூட்டிப்போய், காவலரணில் அரை நாள் கெஞ்சி அனுமதி எடுத்து, பிளாஷ் போட்டுப் படமெடுத்துக் கொடுத்தாயாம். எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவர்தான் வேண்டாம் எண்டவர் தம்பி. பற்றரி உங்களிட்ட இருந்தது அவருக்குத் தெரியும். சொன்னால் அவன் என்ர முகத்தில முழிக்கமாட்டான் எண்டவர்."

உன்மேல் கோபம்தான் வருகிறது, மச்சான். ஒரு நாளாவது என்னை ஏசியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். கேட்காத மன்னிப்பை இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?