பெயர்ப்பலகை இல்லாத நிலையம்

ஹார்ன்பரி ரயில் நிலையம்,
நவம்பர், 1940.

என் அன்பு எர்னிக்கு,

நீ எங்கோ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு உன் மனைவி ஹில்டா எழுதுவது. நானும் நலம். நலம் என்றால், வேளைக்கு எழுந்திருக்கிறேன், வேளைக்குப் படுக்கிறேன். இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. முதலில் எழுதி முடிக்கிறேன்.

ஜூலையில் தந்தி வந்தது. போர்முனையில் உன்னைக் காணவில்லை என்று மட்டும் இருந்தது. இறந்துவிட்டாய் என்று இல்லை. உன் அக்கா டோரிஸ் படித்துவிட்டு ஓவென்று அழுதாள். எனக்குக் கண்ணீரே வரவில்லை. அடுப்பில் வெந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கை வடித்து, உப்புப் போட்டுத் தின்றேன். அன்றிலிருந்து மரத்துப்போய்த்தான் இருக்கிறேன்.

நீ பட்டாளத்துக்குப் போனபின் உன் போர்ட்டர் வேலையை எனக்கே கொடுத்தார்கள் அல்லவா, அது இன்னும் கையில் இருக்கிறது. உன் தொப்பி எனக்குப் பெரிது; உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்திருக்கிறேன். மூட்டை தூக்குவதில் சிரமம் இல்லை. கத்தத்தான் முடியவில்லை. ரயில் வந்து நின்றதும் நீ பெட்டி பெட்டியாக நடந்து "ஹார்ன்பரி! ஹார்ன்பரி!" என்று கூவுவாயே, சந்தைத் திடல் வரைக்கும் கேட்குமே, அது தந்தி வந்தபின் என் வாயிலிருந்து வரமாட்டேன் என்றது. ஸ்டேஷன் மாஸ்டர் பாட்டெரில் ஒருநாள், "ஏம்மா ஹில்டா, சும்மா நிக்கறதுக்கு ஒரு விளக்குக் கம்பமே போதுமே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போன புதன்கிழமை சந்தை. மாலை ரயில் வரும்போது இருட்டிவிட்டது. குண்டு போடுவார்கள் என்று இப்போது நடைமேடையில் விளக்கு ஏற்றுவதில்லை, பெட்டிகளிலும் திரை போட்டிருக்கிறார்கள். ஒரு சிப்பாய் ஜன்னலை இறக்கி, "ஏங்க, இது எந்த ஊருங்க?" என்று கேட்டான். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ரயில் போய்விட்டது.

அவன் வாத்து விற்கும் கிம்ப்டன் அம்மாவின் மகன் லெஸ்லி. இரண்டே நாள் விடுப்பில் வந்தவன், அடுத்த ஊரில் இறங்கி, மழையில் நடந்து விடியற்காலையில் வீடு சேர்ந்திருக்கிறான். வாத்தை வறுத்து வைத்துக்கொண்டு அம்மா இரவெல்லாம் காத்திருந்தாளாம். அவனை மறுபடி ரயிலேற்றிவிட்ட கையோடு நேராக என்னிடம் வந்தாள். "ஏன்டி, வாயைத் தச்சா வச்சிருக்க? என் புள்ள சொந்த ஊருக்கு வந்து நின்னுட்டு, தெரியாமப் போயிட்டான்டி! பலகையத்தான் கழட்டிட்டீங்க. நீயும் சொல்லலைன்னா அவனுக்கு எப்படித்தான் தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். தந்திக்குப் பிறகு என்னிடம் யாரும் குரலை உயர்த்தியதே இல்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அவள் கடைசியாகக் கேட்டது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எர்னி, உனக்கு இது தெரியாது. எதிரி வந்து இறங்கினால் ஊர் அடையாளம் தெரியக்கூடாது என்று, நாடு முழுக்க நிலையங்களில் பெயர்ப்பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். நீ போனபிறகு நடந்தது. நான் உனக்குச் சொல்லவே இல்லை.

கிம்ப்டன் அம்மா திட்டிய அன்றே மாலை ரயிலுக்குக் கத்திப் பார்த்தேன். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு குரல் வந்தது. கடைசிப் பெட்டி வரை கூவிக்கொண்டே நடந்தேன். இரண்டு பேர் இறங்கினார்கள். இருட்டில் கிட்டப்போய் முகத்தைப் பார்த்தேன். ரயில் கிளம்பிய பிறகும் ஒருமுறை கூவினேன், எதற்கென்று தெரியவில்லை. இப்போது எல்லா ரயிலுக்கும் கூவுகிறேன்.

ஆகையால், வரும்போது பலகையைத் தேடாதே. தூங்கிவிடாதே. குளிர் அடித்தாலும் ஜன்னலை இறக்கி வை. குரல் உன்னுடையதுபோல் இருக்காது, கரகரவென்று இருக்கும். ஆனால் அது நான்தான். கேட்டதும் இறங்கிவிடு.

உன்,
ஹில்டா