அரக்குப் புடவை ஏதென்ஸில் தங்கிவிட்டது

பிப்ரவரி 23, ஞாயிறு

பெட்டி கட்டி முடியவில்லை. ஏதென்ஸில் குளிர் குளிர் என்று காயத்ரி தினமும் போனில் பயமுறுத்துகிறாள். அங்கே கப்பல் கம்பெனி வேலைக்குப் போன நாளிலிருந்து என் மகள் எனக்கே அம்மா ஆகிவிட்டாள். இவர் ஒரே ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிறார். லைன்மேனாகக் கம்பம் ஏறின உடம்பாம், குளிர் ஏறாதாம்.

மத்தியானம் கூத்து வாத்தியார் தேவேந்திரன் போன் செய்தார். திரௌபதி வேஷம் கட்டுகிற பையன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டானாம். "துகில் அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் வா ஜெயக்குமாரு. உன்னை வுட்டா யார் இருக்கறாங்கபா?" போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமனாருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தது வாத்தியாரே. கேக்காதீங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பாடினால் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. எனக்குக் கேட்கும். தொட்டி காலியானாலும் பாட்டு நின்ற பிறகுதான் மோட்டார் போடப் போவேன்.

பிப்ரவரி 24, திங்கள்

தூக்கமே இல்லை. பழைய துகில் இரவுகளே கண்ணில் நிற்கின்றன.

எங்கள் தெரு நெசவுக்காரத் தெரு. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் துச்சாதனன் துகிலை இழுக்கும்போது, எங்கள் தெருப் பெண் ஒருத்தி எழுந்து போய் திரௌபதியின் தோளில் புதுப்பட்டுப் போர்த்த வேண்டும். அப்பா அந்தப் புடவையைத் தன் தறியிலேயே நெய்வார். அந்தப் புடவைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். தென்னேரியிலிருந்து வந்து திரௌபதி கட்டி நின்றவர் இவர். அரிதாரத்துக்குள் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அதற்கே விழுந்துவிட்டேன், அசட்டுப் பெண்!

அப்பா அந்தத் திரௌபதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பெண் கேட்டு வந்தபோது மட்டும், "அம்மனா நின்னா கும்புடுவேன். மாப்ளையா வரணும்னா வேஷம் கூடாது" என்றார். எரிகிற கற்பூரத்தின் மேல் கை வைத்து இவர் சத்தியம் செய்தார். எனக்காகத்தான்.

மார்ச் 6, வியாழன். ஏதென்ஸ்

வந்து சேர்ந்தோம். மலை மேல் பழைய கோயில். தூண் தூணாக அழகுதான், ஆனால் உள்ளே சாமி இல்லை, கற்பூரம் இல்லை, ஒரு சுண்டல்கூட இல்லை. "மா, இது மியூசியம் மாதிரி" என்றாள் காயத்ரி. இவர் தூணைத் தட்டிப் பார்த்தார், காவலாளி விசில் ஊதினார். குளிரில் இவர் பல் தந்தியடிக்கிறது. ஸ்வெட்டர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை நாடகம் பார்க்க டிக்கெட் எடுத்திருக்கிறாளாம். புராணக் காலத்து நாடகம் இல்லை, இந்தக் காலத்து நாடகம்.

மார்ச் 8, சனி

என்ன செய்துவிட்டேன் நான்!

சின்னத் தியேட்டர், முன்பு ஏதோ பட்டறையாக இருந்ததாம். மேடை என்று உயரமாக எதுவும் இல்லை. நம் கூத்துக் களம் போலத் தரையிலேயே ஆடுகிறார்கள். எங்களுக்கு முதல் வரிசை. நாடகம் முடிந்து காயத்ரிக்கு வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரம்மா வீட்டில் விருந்து. அவளுக்குக் கொடுக்க எடுத்து வந்த அரக்குப் புடவை என் மடியில் இருந்தது.

போரில் தோற்ற ஊரின் ராணி கதை. ராணியாக நடித்தவர் ஆண்! இவர் வயதுதான் இருக்கும். அவர் வந்து நின்றதுமே இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாஷை புரியவில்லை. புரியத் தேவையும் இருக்கவில்லை. கோட்டு சூட்டுப் போட்ட நாலு பேர் ராணியைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் மேலங்கியை உருவினான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்தார்கள். பாவி, செல்போனில்! அந்த மனுஷர் இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தரும் அசையல. எப்படி உக்காந்துக்கினு இருக்காங்க எல்லாரும்?

எழுந்துவிட்டேன்.

"மா! இன்னா பண்ற? உக்காரு!" காயத்ரி என் கையைப் பிடித்தாள். இவர் அவள் கையை எடுத்துவிட்டார். "வுடு. போ அகிலா, நேரமாவுது" என்றார்.

நாலே எட்டு வைத்திருப்பேன். நான் வேலை பார்க்கிற பட்டுக் கடையில் வருகிறவர் போகிறவர் தோளிலெல்லாம் புடவை போட்டுக் காட்டுகிற கை, அதுவே விரித்து அதுவே போர்த்திவிட்டது. போன் பிடித்தவர்களில் ஒருவன் கையை இறக்கினான். ராணி ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் முந்தானையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெல்லிய குரலில் வசனத்தைத் தொடர்ந்தார். நான் வந்து உட்கார்ந்தேன். காயத்ரி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று எழுத விட்டது. நாடகம் முடிந்ததும் ராணியாக நடித்தவரே வெளியே வந்தார். புடவையைக் கோணல்மாணலாக மடித்துக் கொண்டு வந்திருந்தார். காயத்ரி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவர் கோபப்படவில்லை. ஏன் எழுந்து வந்தேன் என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன், அவள் மொழிபெயர்த்தாள்.

"புடவை போர்த்தினால் அவள் தப்பித்துவிடுவாளா?" என்று கேட்டார்.

இவர்தான் பதில் சொன்னார். "தப்பிக்க மாட்டாபா. ஆனா அங்க நிக்கறவனுக்கு அந்தப் புடவை வர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வரும். நான் நின்னுக்கீறேன்."

பாடிக் காட்டச் சொன்னார். தியேட்டர் வாசலில், கோட்டுப் போட்ட ஜனங்களுக்கு நடுவில், இவர் கண்ணை மூடிக்கொண்டு துகில் விருத்தத்தை எடுத்தார். உச்சிக்குப் போகும்போது குரல் உடைந்தது. பரவாயில்லை. குழாய்த் தண்ணீர் இல்லாமல் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம்! நான் அழுதேன். காயத்ரி வாயைப் பிளந்து நின்றாள், அப்பாவுக்கு இப்படி ஒரு குரல் உண்டென்றே அவளுக்குத் தெரியாது.

புடவையைத் திரும்ப வாங்கவில்லை. களத்தில் கொடுத்ததை வாங்கக் கூடாது. வீட்டுக்காரம்மாவுக்கு முறுக்குப் பாக்கெட்தான் போனது, பாவம்.

இன்று காலை பால்கனியில் கேட்டேன். "தேவேந்திரன் அண்ணனுக்கு இன்னா சொல்லப் போறீங்க?"

"அதான் சொல்லியாச்சே. உங்கப்பாவுக்குக் குடுத்த வாக்கு."

"அப்பா என்னைக் குடுக்கத்தானே அந்த வாக்கை வாங்கினாரு? அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. நான் வுட்டுட்டேன்னு வச்சிக்குங்க."

இவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார், ஆறிப்போன காபியை.

மார்ச் 20, வியாழன். காஞ்சிபுரம்

வெயில், கொசு, சொந்தத் தலையணை. சொர்க்கம்.

அப்பா படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். "போதும்பா. அவர் வாக்குத் தவறவே இல்ல. என் பங்குக்கு நான் விட்டுக் குடுக்கறேன், நீயும் விட்டுக் குடு" என்றேன். திரும்பினால் இவர் வாசற்படியில் நிற்கிறார். எப்போது வந்தாரோ. கற்பூரம் முழுதாக எரிந்து அணையும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

அப்புறம் தேவேந்திரன் நம்பரை எங்கே எழுதி வைத்தாய் என்று கேட்டார். போனிலேயே இருக்கும் நம்பரை!

மார்ச் 21, வெள்ளி

திரௌபதி கட்ட வேண்டும் என்று இப்போதே மீசை எடுத்தாயிற்று. பேரன் வயதுப் பையன் போல இருக்கிறார். சிரித்ததற்குத் திட்டு.

மே 11, ஞாயிறு

நேற்று துகில்.

தட்டு தூக்க வேறு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள் என்றதும் சண்டை போட்டு வாங்கினேன். இந்த வயதிலா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

இவருக்கு இடுப்பு பெருத்துவிட்டது, அடவு பழைய வேகத்தில் இல்லை. ஆனால் சபையைப் பார்த்து நியாயம் கேட்டபோது ஒரு குழந்தை அழவில்லை, ஒரு செல்போன் எழவில்லை. நான் எழுந்தேன். தினம் நூறு புடவை விரிக்கிற கைக்கு முந்தானை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை! தடுமாறி எப்படியோ போர்த்தினேன். இவர் முந்தானையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அந்த ஏதென்ஸ்காரர் செய்த மாதிரியே. அந்தக் காலத்தில் இவர் அப்படிச் செய்ததில்லை.

விடிந்து வந்து, தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டேன். இப்போது குளிக்கப் போயிருக்கிறார். பாட்டுக் கேட்கிறது. மோட்டார் போட வேண்டுமா என்று எழுந்து போய்க் குளியலறைக் கதவருகே நின்றேன், தண்ணீர்ச் சத்தமே இல்லை.

குழாய் மூடியிருக்கிறது.