மூடி திறக்காத பிரிண்டர்

உப்பளம், புதுச்சேரி
ஜூலை 6

அன்பு மகள் மெரினுக்கு, அம்மா ஸ்டெல்லாமேரியின் ஆசீர். இங்கே அப்பாவும் நானும் உன் தங்கையும் சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்க தினமும் செபிக்கிறோம். நான் சொல்லச் சொல்ல ஜெர்லின் எழுதுகிறாள், என் விரலெல்லாம் டோனர் மை, தொட்டால் தாள் கறையாகும்.

உன் பட்டச் சான்றிதழின் அசலை நான்தான் தொலைத்தேன் என்று போனில் சத்தம் போட்டாய். இருபத்தைந்தாம் தேதிக்குள் அசலைக் காட்டாவிட்டால் அங்கே பிரான்சில், லியோனில் வேலை இல்லை என்றாய், அப்பா பீரோவை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டார். நான் வேலை செய்யும் கூடம் உனக்குத் தெரியும், ரெட்டியார்பாளையம் பக்கமிருந்து ஆபீசுகளும் வீடுகளும் கொடுத்த பழைய பிரிண்டர்கள் வரும். கரண்ட் கொடுத்து, ஒரு தாள் அடித்து, மூடியைத் திறந்து ஸ்கேன் பார்ப்போம். தேறினால் பச்சை ஸ்டிக்கர், பள்ளிக்கூடங்களுக்குப் போகும். கரண்டே ஏறாவிட்டால் சிவப்பு, உடைக்கப் போகும், அதன் மூடியை யாரும் திறப்பதில்லை. நீ கிளம்பிய அன்று நகல் எடுத்ததோடு படுத்துவிட்ட நம் வீட்டு பிரிண்டரையும் போன வாரம் அப்படித்தான் சிவப்பு ஒட்டித் தள்ளினேன்.

ஜெர்லின் சனிக்கிழமைகளில் வந்து, வருகிற பிரிண்டர்களின் எண்களை நோட்டில் குறிப்பாள். நேற்று சிவப்புக் குவியல் லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஏம்மா, செத்த மெஷினுக்கு மூடியத் தொறந்து பாத்தா என்ன, அக்கா கடைசியா எத வச்சு எடுத்தா என்றாள். லாரியை நிறுத்தச் சொல்லி ஓடினேன். கூட வேலை பார்க்கும் பூர்ணிமா, செத்ததுக்கு நாடி பாக்குதுங்க அம்மாவும் பொண்ணும் என்று சிரித்தாள். லாரிக்காரர் செம்மல், எம்மா, ஒரே மாதிரி பதினாலு இருக்குது, எதுன்னு எறக்கறது என்று சலித்துக்கொண்டார். ஜெர்லின் நோட்டைப் புரட்டி நம் பிரிண்டரின் எண்ணைப் படித்தாள். பதினோராவதாக இறங்கியது நம்முடையது. மூடியைத் தூக்கினேன், கண்ணாடிமேல் உன் சான்றிதழ் குப்புறக் கிடந்தது.

மறந்தவள் நீ, உடைக்க அனுப்ப இருந்தவள் நான், அதனால் போனில் பேசியதை இரண்டு பேரும் விட்டுவிடுவோம். இனி சிவப்புக்கும் மூடி திறப்பது என்று முடிவாகிவிட்டது. அதற்குள் வேறொரு சிவப்பு மெஷினில் யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு கிடைத்தது, திறந்தது பூர்ணிமாதான்.

அசலை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, தனி உறையில் ஒட்டி, இதோடு கூரியரில் அனுப்புகிறேன், கத்தரி வைத்து அந்த உறையை வெட்டாதே. மதியம் வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே, கொஞ்சம் சோறு வடித்துக்கொள். மாதா உன் கூடவே இருப்பாள். எங்கே நகல் எடுத்தாலும் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸ்டெல்லாமேரி

அக்கா, அனுப்பும் முன் நான் கடையில் ஒரு நகல் எடுத்தேன். கடையை விட்டுப் பாதி வழி வந்த பிறகு திரும்ப ஓடினேன், அசல் கண்ணாடிமேலேயே இருந்தது. அம்மாவிடம் சொல்லாதே. ஜெர்லின்.