பை இல்லாத சட்டை

என் உயிருக்கு இனிய மச்சான் முனிராஜுவுக்கு,

இந்தச் செய்தியை நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். தீர யோசித்து, மனைவியோடு கலந்து, மத்திகிரித் தையற்காரர் முன்னிலையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி என் சட்டைகளுக்குப் பை கிடையாது. தையற்காரர் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டார். "ஜோபி இல்லாத சட்டையா? கவர்மெண்ட்டு கிளார்க்குங்க நீங்க!" என்றார்.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் என்னைவிட அதிகம் கையை விட்டவர் நீங்கள்தானே. ஆமாம் மச்சான், பீடியை விட்டுவிட்டேன்!

முதலில், படித்தவன் செய்வதைச் செய்தேன். புகையிலையின் கேடுகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வரவழைத்துப் படித்தேன். கனமான விஷயம்; ஒரு அத்தியாயத்துக்கு ஒரு கட்டுப் பீடி பிடித்தது. பிறகு யாருக்கும் சொல்லாமல் ரகசியமாக விட்டேன். யாருக்கும் தெரியாததால், நான் கிளார்க்காக இருக்கும் மாட்டுப் பண்ணையில் எதிர்ப்பட்டவரெல்லாம் வழக்கம்போலப் பீடியை நீட்டினார்கள். ரகசியம் வெளியாகிவிடக் கூடாதே என்று நானும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு விடியற்காலை கொல்லையில் பல் துலக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. உங்கள் தங்கை எல்லம்மா, களி கிண்டும் கோலோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எங்கண்ணன்னு நெனச்சிட்டேன்," என்றாள்.

நீங்கள் போய் அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கடைசி மாதங்களில் வீடு முழுக்க உங்கள் இருமல்தான். அது எப்போது என் நெஞ்சுக்குக் குடிவந்தது?

அன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன். "என்னால தனியா முடியல. ஒதவி பண்ணு."

"இத மொதல்லயே கேக்கறதுக்கென்ன? எங்கிட்ட விடுங்க," என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மாலையில் பீடி வாங்கப் போனேன். "கொடல்ல சாமி. அக்கா பைத்தாரே," என்று கன்னடத்தில் கையை விரித்தார் பெட்டிக்கடைத் திம்மப்பா. தரமாட்டாராம்; அக்கா திட்டுவாராம். எதிர்க்கடைக்காரர் தெலுங்கில் "இவ்வனு" என்று மறுத்துத் தலையாட்டினார். பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது தமிழ்க் கடை. அங்கே மறுப்போடு அறிவுரையும் கிடைத்தது. ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் வாக்குவாதம். எனக்குப் பீடி மறுப்பதில் மட்டும் மூன்று மொழிக்காரர்களும் ஒரே ராஜ்யம் ஆகிவிட்டார்கள்.

காளைக் கொட்டகையில் உங்களோடு வேலை பார்த்த பசவன் நினைவில் இருக்கிறானா? "நானும் விட்டுட்றேன் சாமி. ஒருத்தருக்கொருத்தர் காவல்," என்றான். ஆசை வந்தால் அவனிடம் ஓடுவேன். தலைப்பாகை முடிச்சை அவிழ்த்து வறுத்த கொள்ளைக் கையில் கொட்டுவான். மென்று முடிப்பதற்குள் ஆசை போய்விடும். பல்லும் கொஞ்சம் போயிற்று. காளைகள் எங்களைச் சக ஊழியர்களாகப் பார்க்கத் தொடங்கிவிட்டன.

பிறகு உங்கள் வருஷப் படையல் வந்தது. நம் குடும்ப வழக்கம் தெரியுமே. போனவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும்: களி, கோழிக் குழம்பு, ஒரு கட்டுப் பீடி. அதில் ஒன்றைத் தங்கையின் புருஷன் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்துக் கனியவைத்து, இலையோரம் வைக்க வேண்டும். இழுக்காத பீடி அணைந்துவிடும் அல்லவா?

"பத்த வைங்க மாப்ள, நேரமாவுது," என்றார் வேப்பனப்பள்ளிப் பெரியப்பா.

பீடி உதட்டுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு இழுப்பு, அதுவும் உங்களுக்காக. இதைவிட நியாயமான காரணம் எந்தப் பீடிக்காரனுக்கு வாய்க்கும்? தீக்குச்சியும் உரசிவிட்டேன்.

எல்லம்மா என் உதட்டிலிருந்து பீடியைப் பிடுங்கினாள். இலையில் இருந்த பீடிக் கட்டையும் எடுத்துவிட்டாள்.

"அடியே, அவன் ஆசப்பட்டுக் கெடப்பான்டி!" என்று பெரியப்பா கத்தினார்.

"இருந்தப்ப இருமுனது பத்தாதா பெரியப்பா?" என்றவள், உங்கள் இலையின் முன்னால் உட்கார்ந்தாள். "அண்ணா, இனிமே உனக்கும் கெடையாது. கோவிச்சுக்காத."

படையலுக்கு வந்திருந்த பசவன் தலைப்பாகையை அவிழ்த்தான். உங்கள் இலையில் ஒரு பிடி வறுத்த கொள்ளு விழுந்தது.

ஆக, மச்சான், நீங்களும் விட்டுவிட்டீர்கள். என் வாழ்த்துகள்! கோபமா, சிரிப்பா? பீடிக் கட்டு வீணாகக் கூடாது என்று பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் இலையில் இல்லாதது இனி என் உதட்டிலும் இருக்காது.

நேற்றுக் காலை வைக்கோல் தூசி தொண்டையில் ஏறி, கொல்லையில் நின்று இருமினேன். எல்லம்மா ஓடிவரவில்லை; உள்ளே களி கிண்டிக்கொண்டேயிருந்தாள்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
வெங்கடேசன்